வெளியேறாத அட்மின்

எங்கள் வீட்டு வைஃபை டப்பாவின் நிர்வாகப் பக்கத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆள்தான் நுழைய முடியும். அந்த ஒரு ஆள் என் அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். நுழைந்த மனிதர் வெளியே வரவே இல்லை. அவருடைய வாழ்க்கையைச் சொல்லு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தோன்றுவது இவ்வளவுதான். ஆனால் அந்த டப்பாவுக்குள் என் அக்காவின் பிழைப்பும் போய் மாட்டிக்கொண்டதால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் நான் கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

அத்தான் குளியலறைச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் வேலை பார்க்கிறார். குழாய், வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான் எல்லாம் லாரியில் ஏறும்போது ரசீதைச் சரிபார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. அந்த முத்திரை மேனேஜரின் இழுப்பறையில் இருக்கும். காலையில் கேட்டு வாங்க வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏசி ரிமோட்டும் மேனேஜரிடம்தான். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைத் திருத்துவதென்றாலும் மேனேஜர் எழுந்து வந்து தன் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் அத்தான் மரியாதையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது நானே இதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் வீட்டில் செய்த அலட்டலில் அந்தப் பாவமெல்லாம் பறந்துவிட்டது.

நெட் கம்பெனி ஆள் வந்து டப்பாவைச் சுவரில் மாட்டியபோது, "அட்மின் யாரு சார்?" என்று கேட்டான். வாழ்நாளில் யாரும் அத்தானிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "நான்தான்" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. பழைய சூட்கேஸ்களும் இஸ்திரி மேசையும் கிடந்த இடம். அதற்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயர் வைத்தார். சிரிக்காமல் வைத்தார். இஸ்திரி மேசை வெளியே போயிற்று, கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. அன்றிலிருந்து நாங்கள் துணி தேய்ப்பது கட்டில்மேல். அந்தக் கம்ப்யூட்டரில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் எந்த மெஷின் இணைப்பில் இருக்கிறது, எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சமையல்கட்டில் அக்கா போனில் ஏதாவது போட்டால், "யாரது, சமையக்கட்டுல வீடியோ ஓடுது?" என்று அங்கிருந்தே குரல் வரும். இருக்கிற மூன்று பேரில் ஒருத்தர் அவர், இன்னொருத்தி நான், அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் யாரது என்ன யாரது! நான் அவரை ஏதாவது எதிர்த்துப் பேசிவிட்டால் அன்று என் போனில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்டால், "சர்வர் பிரச்சினைம்மா" என்பார். சர்வராவது மண்ணாவது, எல்லாம் இவர் விரல்.

வேலைக்குக் கிளம்பும்போதும் பக்கத்தை மூட மாட்டார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டால் அதன் ஆயுசு குறையுமாம். திரையை மட்டும் அணைப்பார். அந்தப் பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கும். டப்பாவும், ஐயா இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு, அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் டப்பாவின் பாஸ்வேர்டு? அதை எங்கள் இரண்டு பேருக்குமே சொல்லிவிட்டார்!

"நான் என்ன ஒளிச்சா வச்சிருக்கேன்? உங்களுக்கும் குடுத்திருக்கேன்ல? இது எல்லாருக்கும் பொதுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பொதுவான பாஸ்வேர்டைத் தட்டினால் என்ன வரும் தெரியுமா? 'வேறொரு நிர்வாகி உள்ளே இருக்கிறார். அவர் வெளியேறிய பின் முயலுங்கள்.' எத்தனை தடவை தட்டினாலும் இதே பதில்தான்.

இந்த டப்பாவைச் செய்த புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் எனக்கு. குடும்பம் என்று ஒன்றை அவன் பார்த்திருக்கிறானா இல்லையா? கக்கூஸில்கூட ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். ஆனால் வெளியே நிற்கிறவர் கதவைத் தட்டலாம், சீக்கிரம் வாங்க என்று கத்தலாம். இதில் அதற்கும் வழியில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு, வெளியே ஒருத்தி நிற்கிறாள் என்பதே தெரியாது. தெரிந்தால் மட்டும் எங்கள் ஆள் எழுந்துவிடப் போகிறாரா என்பது வேறு விஷயம்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். "எதுக்கு வேலை? உனக்கு என்ன கொறச்சல்?" என்று நிறுத்திவிட்டார். குறைச்சல் என்னவென்றால், செருப்பு அறுந்தால்கூட அவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, தைத்தால் தாங்கும் என்று தீர்ப்புச் சொல்லுவார். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த வருஷம் அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டாள். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கம்பெனி. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு சுற்றுத் தேர்விலும் தேறிவிட்டாள். அதற்காக என்னைக் கோபக்கார வாடிக்கையாளராக வைத்துப் பழகினாள். தினமும் அவளைத் திட்ட வேண்டும். எனக்கு அது ஒரு கஷ்டமான வேலையே இல்லை. நான் எவ்வளவு கத்தினாலும், "உங்க சிரமம் புரியுதுங்க" என்று குரல் ஏறாமல் சொல்லுவாள். எங்கே பழகினாள் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு லேப்டாப்பும், காதில் மாட்டும் மைக்கும் வந்த பிறகுதான் அத்தானுக்கே விஷயம் தெரிந்தது. வீட்டுக்குள்ளேதானே என்று விட்டுவிட்டார். திங்கள்கிழமை காலை சோதனை. மேற்பார்வை மேடம் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார், அக்கா நிஜ ஆட்களிடம் பேச வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்ச்சி இல்லை, அதை முதலிலேயே கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் புது மெஷின் எதையும் அட்மின் அனுமதி கொடுக்காமல் டப்பா சேர்த்துக்கொள்ளாது. அதுவும் அத்தான் ஏற்பாடுதான்.

சனிக்கிழமை அக்கா கேட்டாள். "ஏங்க, இந்த லேப்டாப்பைக் கொஞ்சம் சேத்து விட்டுடுங்க. திங்கக்கெழமை வேணும்."

"பாத்துக்கறேன்" என்றார். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைக்கு ஒரு பாத்துக்கறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மனசு வந்தது. எழுந்து கன்ட்ரோல் ரூம் வரைக்கும் போகச் சோம்பல். படுத்தபடியே போனில் பாஸ்வேர்டைத் தட்டினார். அவ்வளவு காலம் நாங்கள் பார்த்த அதே வாக்கியம் முதல் தடவையாக அவருக்கும் வந்தது. வேறொரு நிர்வாகி உள்ளே இருக்கிறார்.

மனிதர் துள்ளி எழுந்தார். ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் திரையைப் போட்டார். அங்கே பக்கம் திறந்தபடியே இருந்தது. போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் உள்ளதான் இருக்கேன். இன்னொருத்தனும் உள்ள இருக்கான்!"

"அத்தான், அது நீங்கதான்" என்றேன். "கம்ப்யூட்டர்ல உள்ள இருக்கீங்க. அதனால போன்ல விட மாட்டேங்குது."

"வேறொரு ஆளுன்னு போட்டிருக்கு பாரு. நான் எப்பிடி எனக்கு வேறொரு ஆளாவேன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா பொறுமையாக, "இவ சொல்றது சரிங்க. கம்ப்யூட்டர்ல வெளியேறுங்குறதை அமுக்கிட்டுப் போன்ல போய்ப் பாருங்க" என்றாள்.

"நான் வெளியேறணும், அவன் மட்டும் உள்ள இருக்கணும். நல்ல யோசனை!"

அதற்கப்புறம் நடந்தது விசாரணை. எங்கள் போன்களை வாங்கிப் பார்த்தார். என்னை முறைத்தார், ஏனென்றால் டப்பாவைப் பற்றிக் கிண்டல் பேசுகிறவள் நான்தான். கடைசியில் சந்தேகம் மாடிக்கு ஏறியது. மேல் வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். அவருக்குத் தனி லைன், தனி டப்பா. இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவரின் கதவைப் போய் இடித்து, "எங்க நெட்டுக்குள்ள நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், "சார், உங்க வீட்டு நெட்டு படியேறி வர்றதுக்குள்ளயே செத்துப்போகுது. அதுல வந்து நான் என்ன பண்ண?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கீழே நின்றுகொண்டிருந்த எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அக்கா மட்டும் வெட்கத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அக்கா மறுபடி கேட்டாள். "திருடனை அப்பறம் புடிங்க. லேப்டாப்பைச் சேத்து விடுங்க. எனக்குக் காலையில சோதனை."

"வீட்டுக்குள்ள திருடன் இருக்கறப்ப எவனாவது இன்னொரு கதவைத் திறப்பானா? மொதல்ல பாதுகாப்பு. உன் வேலை எங்க ஓடிடப் போகுது?"

வேலை ஓடித்தான் போகும். அவளுக்கு அது தெரியும்.

திங்கள்கிழமை எனக்கு விடுமுறை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அன்றுதான் வார விடுப்பு. அத்தான் வழக்கம்போலத் திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் நான் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவின் வயரைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் விட்டு மாட்டினேன். அவ்வளவுதான், அட்மின் வெளியே விழுந்தார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அக்கா தன் போனில் அந்தப் பொதுவான பாஸ்வேர்டைத் தட்டினாள். கதவு திறந்தது.

என் அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். "இவ்ளோதானாடி?" என்றாள். "இதுக்கா இத்தனை வருஷம்?" லேப்டாப்பின் பெயர் காத்திருந்தது. அனுமதி என்பதை அழுத்தினாள். வேறு எதையும் தொடவில்லை. வெளியேறு என்பதையும் ஒழுங்காக அழுத்தினாள். நானாக இருந்தால் அந்தக் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரை முதலில் தடை செய்திருப்பேன்.

சோதனை ஆரம்பித்தது. அக்கா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே ஸ்டூலில் காவல் இருந்தேன். முதல் ஆள் ஏதோ வடிகட்டியில் புழு என்று கத்தியது எனக்கே கேட்டது. "உங்க சிரமம் புரியுதுங்க. ஆள் அனுப்பறேன்" என்றாள். அடுத்த ஆள் கடைசியில் நன்றி சொல்லியிருக்க வேண்டும், "பரவாயில்லைங்க" என்று அக்கா சிரித்தாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

இதற்கிடையில் கிடங்கில் அத்தானின் போனுக்கு ஒரு தகவல் போயிருக்கிறது. நிர்வாகி நுழைந்தார், புது மெஷின் சேர்க்கப்பட்டது. எதிரே லாரி நிற்கிறது, இவர் முத்திரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாராம். வீட்டுக்கு ஒரு போன் அடித்துக் கேட்டிருந்தால் போதும். அடிக்கவில்லை. அடித்தால் திருடன் உஷாராகிவிடுவானாம்! நேரே நெட் கம்பெனிக்கு அடித்திருக்கிறார். "என் லைனுக்குள்ள திருடன் பூந்துட்டான். இந்த நிமிஷமே லைனை நிறுத்துங்க."

நெட் வரவில்லை என்று நாள்கணக்கில் கெஞ்சினாலும் எட்டிப் பார்க்காத கம்பெனி அது. நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டது.

அறைக்குள் அக்காவின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. "ஹலோ... ஹலோங்க..." என்றாள். நான் அண்ணாந்து பார்த்தேன். டப்பாவில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. கதவைத் திறந்துகொண்டு வந்தவள், காதிலிருந்த மைக்கைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நான்தான் அழுதேன்.

மத்தியானமே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அத்தான் வந்து இறங்கினார். வாசலிலேயே முகமெல்லாம் பல். "புடிச்சிட்டேன்! உள்ள பூந்து ஒரு மெஷினையும் சேத்துட்டான் படுபாவி. லைனையே வெட்டிட்டேன்ல!"

"உள்ள போனது நான்" என்றாள் அக்கா. "சேத்தது கம்பெனி லேப்டாப்பு. வெட்டுனது என் சோதனையை."

அவர் வாயிலிருந்து ஐயோ என்று ஒரு வார்த்தை வரும், தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். வந்தது இதுதான்: "அப்ப வெளியாள் யாரும் இல்ல. நல்ல வேளை!" பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனே" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கை பரபரத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. மேற்பார்வை மேடம். அக்கா அதைச் சத்தமாக எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நல்லாதாம்மா பேசிட்டு இருந்தீங்க. லைன் ஏன் போச்சு?"

அத்தான் கையை ஆட்டி, சர்வர், சர்வர் என்று வாயசைத்தார். இத்தனை வருஷமும் உறவுக்காரர்களிடம், அக்கம்பக்கத்தில், என்னிடம்கூட அவருக்காக ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தவள் என் அக்கா. இப்போதும் சொல்லிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"என் வீட்டுக்காரர் நிறுத்திட்டாரு மேடம்" என்றாள்.

மேடம் மெதுவாகக் கேட்டார். "இன்னொரு தடவை சோதனை வைக்கச் சொல்லி நான் பேசறேன். மறுபடி இப்பிடி நடக்காதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமாம்மா?"

அத்தான் தலையைத் தலையை ஆட்டினார். நெஞ்சில் கையை வைத்து, நான் பாத்துக்கறேன் என்று காட்டினார். அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இந்த வீட்ல முடியாது மேடம். வேற எடம் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். முந்தின நாள் தன் புருஷன் போய் இடித்த அதே கதவை இவள் தட்டினாள். நர்ஸ் என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்தது, இவள் உள்ளே போனாள். கீழே அத்தான் என்னிடம், "அந்த லைன் பாதுகாப்பானதான்னு கேட்டாளா?" என்றார்.

இரண்டாவது சோதனையில் தேறி, அக்கா இப்போது அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். நர்ஸின் முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டிருக்கிறாள். கிளம்பும்போது தலை சீவி, நல்ல புடவை கட்டி, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு படியேறுகிறாள். சாப்பாட்டுக்கு இறங்கி வருவாள். அவரிடம் கோபமாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். நானும் போனுக்குத் தனியாக டேட்டா போட்டுக்கொண்டேன். படம் சுற்றாமல் ஓடுகிறது, எனக்கு வேறென்ன வேண்டும்?

போன வாரம் அத்தான் டப்பாவைச் சுவரிலிருந்து கழற்றினார். வயரை நீட்டி, மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் கொண்டுபோய் மாட்டினார். மேலே சிக்னல் எட்டுமாம். அன்று சாப்பிடும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் லாக் அவுட் பண்ணிட்டேன். கம்ப்யூட்டரையும் அணைச்சாச்சு. இனிமே யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் உள்ள போலாம்."

"சரிங்க" என்றாள் அக்கா. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, காலை ஷிஃப்டுக்குப் புடவை எடுத்து வைக்கப் போனாள். நான் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்து தன் போனில் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்தார், எங்களில் யாராவது உள்ளே இருக்கிறோமா என்று. இல்லை. வெளியேறிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினார். இப்போது தினமும் இதே வேலைதான். ஒரு தடவைகூட அது அவரைக் காத்திருக்கச் சொல்வதில்லை. தட்டினவுடனே உள்ளே விட்டுவிடுகிறது.